பாத்தி கட்டிய சிராங்கூன்

சிராங்கூன் சாலையின் இருபுறமும் இன்று நகைக்கடைகளும் பூக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அதே நிலத்தில் காய்கறித் தோட்டங்களும் மாட்டுக் கொட்டில்களும் இருந்தன. ரோச்சோர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் ஒட்டிய தாழ்வான பகுதி அது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். கடல் ஏறும் நேரத்தில் ஆற்றுநீர் வடியாமல் எதிர்த்து நிற்கும். கட்டடம் எழுப்புவதற்குச் சிரமமான இடம். ஆனால் தண்ணீர் பக்கத்திலேயே கிடைத்தது. நகரச் சந்தைக்குத் தலைச்சுமையாகவே காய்கறியைக் கொண்டுபோய்விட முடிந்தது. கீரையும் காயும் பயிரிடுவோர் அங்கே வந்து சேர்ந்ததற்கு இவையே காரணம்.

சிங்கப்பூரின் தொடக்ககால வேளாண்மையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பணப்பயிர்களையே எழுதுகிறார்கள். 1822இல் அரசாங்கக் குன்றின் அடிவாரத்தில் 48 ஏக்கரில் பரிசோதனைத் தோட்டம் ஒன்று அமைந்தது. ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுப் பார்க்கப்பட்டன. 1829இல் அது மூடப்பட்டது. சிராங்கூன் சாலைக்கு மேற்கே சிங்கப்பூருக்கான அமெரிக்காவின் முதல் துணைத்தூதர் ஜோசஃப் பாலஸ்டியர் 1830களில் தொடங்கிய கரும்புத் தோட்டம் 1,000 ஏக்கர் வரை பரந்திருந்தது. 1848இல் அதுவும் முடிவுக்கு வந்தது. ஜாதிக்காய் மரங்கள் நோய் கண்டு 1850களில் அழிந்தன. காம்பியர்ச் செடியும் மிளகும் மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டு ஜொகூருக்கு நகர்ந்தன. பெருமுதலீடு போட்ட இந்தப் பயிர்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றபோது, சிராங்கூன் பகுதியின் சிறு காய்கறிப் பாத்திகள் தொடர்ந்து விளைந்துகொண்டிருந்தன. ஒரு குடும்பம் கையால் கொத்திப் பயிரிடக்கூடிய அந்தத் துண்டு நிலங்களுக்கு வரலாற்று நூல்களில் ஒரு பத்தி கூடக் கிடைப்பதில்லை. நகரத்தின் தட்டில் தினமும் பச்சைக் காய்கறி வைத்தவை அவைதான் என்பதால் இது பெரிய குறை.

அந்தப் பாத்திகள் எப்படி உருவாயின என்பதை அறிய மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். சிராங்கூன் சாலையின் கீழ்ப்பகுதி ஆற்று வண்டலும் கடற்களிமண்ணும் படிந்த நிலம். மேல் சிராங்கூன் பக்கம் போகப்போக, பழைய வண்டல் இறுகிய மேட்டுமண் வரும். இடையில் பொத்தோங் பாசிர் பகுதியில் மணல். களிமண் செங்கலுக்கு நல்லது. 1858இல் அரசு தன் செங்கல் சூளையைச் சிராங்கூன் சாலையில்தான் அமைத்தது. இந்தியாவிலிருந்து தண்டனை பெற்று வந்த கைதிகள் அங்கே செங்கல் அறுத்தார்கள். செங்கலுக்கு ஏற்ற அதே மண் விதைக்குக் கடினமானது. ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியில் அப்பிக்கொள்ளும். வெயிலில் காய்ந்தால் பாளமாக வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே, கையில் பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் பதம் ஒன்று உண்டு. அந்தப் பதத்தில் மட்டுமே அதில் வேலை செய்ய முடியும். மழையூரில் அந்தப் பதம் சில மணி நேரமே நிற்கும்.

மழைதான் இங்கே பாத்தியின் வடிவத்தைத் தீர்மானித்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏறத்தாழ 170 நாள்கள் மழை நாள்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழை இதில் பாதியைக்கூட எட்டாது. அதிலும் ஏறக்குறைய பாதி, வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே தமிழ்நாட்டில் பாத்தி என்பது தண்ணீரைப் பிடித்து வைக்கும் அமைப்பு. நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சுற்றிலும் சிறு கரை எடுத்து, கிணற்றுநீரை வாய்க்கால் வழியாக ஒவ்வொன்றுக்கும் மடை திறந்து விடுவார்கள். பாத்தி கீழே இருக்கும், கரை மேலே இருக்கும். சிராங்கூனில் இந்த முறை செல்லாது. அப்படிக் கட்டிய பாத்தியில் ஒரு மாலை மழைக்கே விதை மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கிவிடும், எஞ்சியது அழுகிவிடும். அங்கே பாத்தியை மேலே தூக்கிக் கட்டினார்கள். இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஓடிய வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவருவதற்குப் பதில் வெளியே கொண்டுபோனது. தமிழகத்தின் தோட்டக்கால் அறிவு முழுவதையும் தலைகீழாகப் புரட்டிய அமைப்பு இது.

மேட்டுப்பாத்தியைப் பரவலாகக் கையாண்டவர்கள் தென்சீனத்திலிருந்து வந்த குடியானவர்கள். குவாங்டோங் ஆற்றுக் கழிமுகங்களில் இதே போன்ற ஈர நிலத்தில் பல தலைமுறைகளாகப் பழகிய வேலை அது. பாத்தியின் அகலம் பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். இருபுற வாய்க்காலில் நின்று கையை நீட்டினால் நடு எட்ட வேண்டும் என்பதே கணக்கு. பாத்தியின்மேல் காலை வைக்கவே கூடாது. மிதித்த இடம் இறுகிவிடும். இறுகிய களிமண்ணில் வேரும் இறங்காது, நீரும் இறங்காது. நீளம் நிலத்தைப் பொறுத்தது. உயரம் ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேல்.

இந்த வேலையின் முதல் கருவி மலாய்க்காரர்கள் சங்குல் என்று சொல்லும் அகன்ற மண்வெட்டி. கொத்துவது, புரட்டுவது, வாய்க்கால் மண்ணை வெட்டிப் பாத்தியின்மேல் இடுவது எல்லாம் அதைக்கொண்டுதான். பல் வாரி அதற்கு அடுத்து வரும். ஆனால் புதிதாகத் திருத்திய நிலத்தில் வாரிக்கு முன்னுரிமை கொடுக்க ஒரு காரணம் இருந்தது: லாலாங் புல். காம்பியர்த் தோட்டங்கள் கைவிட்டுப்போன நிலங்களையெல்லாம் இந்தப் புல் மூடிக்கொண்டது. அதன் கிழங்குத்தண்டு மண்ணுக்குள் கொடியாக ஓடும்; கூர்மையான முனையால் மற்றச் செடிகளின் வேரையும் துளைத்துச் செல்லும். மண்வெட்டியால் கொத்தினால் அது துண்டுதுண்டாகும்; விரல் நீளத் துண்டு ஒன்று ஈரத்தில் கிடந்தாலே மறுபடி தளிர்க்கும். ஆகவே கொத்திய மண்ணில் வாரியின் பற்களை ஆழமாக இறக்கி, முன்னும் பின்னுமாக இழுத்து, வெள்ளைத் தண்டுகளைச் சீவி எடுத்துக் குவித்து, வெயிலில் காயவைத்துக் கொளுத்த வேண்டும். தலைமுடியில் சிக்கெடுப்பது போன்ற பொறுமை தேவைப்படும் வேலை. இதைச் செய்யாமல் விதைத்தவருக்குக் கீரைக்கு முன்னால் லாலாங் முளைக்கும்.

பல் வாரி எளிய கருவி. ஒரு மீட்டரை விட நீண்ட கம்பு; அதன் முனையில் குறுக்குச் சட்டம்; சட்டத்தில் ஒரே அளவு இடைவெளியில் இரும்புப் பற்கள். தமிழ்நாட்டு வயல்களில் இதே வேலையை ஏர்மாடு பூட்டிய கருவிகள் செய்துவந்தன. பலுகு கட்டியை உடைக்கும். பரம்புப் பலகை மேடு பள்ளத்தைச் சமன் செய்யும். மாடு திரும்ப இடமில்லாத குறுகிய பாத்தியில் அந்த இரண்டு வேலையும் ஒரே கைக்கருவிக்கு வந்து சேர்ந்தன. பல் பக்கம் பலுகாகவும், திருப்பிப் பிடித்தால் முதுகுப் பக்கம் பரம்பாகவும் பயன்பட்டது.

வாரியைப் பிடிக்கும் கோணத்தில்தான் வேலையின் நயம் இருக்கிறது. கம்பைச் செங்குத்தாக்கிப் பிடித்தால் பல் ஆழமாக இறங்கும். கட்டி உடைப்பதற்கும் கல் பொறுக்குவதற்கும் அது ஏற்றது. கம்பைச் சாய்த்துப் பிடித்தால் பல் மேலோட்டமாக ஓடும். அது கடைசிச் சமனுக்கு உரியது. பாத்தியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு மண்ணை இழுக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தால் மண் வாய்க்காலில் சரிந்து, தண்ணீர் போகும் வழி அடைபடும். மேற்பரப்பில் உள்ளங்கை அளவு பள்ளம் இருந்தாலும் அங்கே மழைநீர் நிற்கும். நின்ற இடத்தில் முளை சாகும். தமிழ்நாட்டுத் தோட்டக்காரரும் பாத்தியைச் சமன் செய்கிறார், பாய்ச்சும் நீர் எல்லாச் செடிக்கும் ஒரே அளவில் எட்டுவதற்காக. சிராங்கூனில் பெய்த நீர் எந்த இடத்திலும் தங்காமல் வடிவதற்காக அதே சமன் வேண்டியிருந்தது.

மண்ணை மாவாக நொறுக்கிவிடுவது பழகாதவர்கள் செய்யும் தவறு. வெப்பமண்டல மழைத்துளி பெரியது, வேகமாக விழும். மாவான களிமண்மேல் அது அடித்தால் மேற்பரப்பு பூசிய தரைபோல் இறுகி, அடுத்த நாள் வெயிலில் ஓடு கட்டிக்கொள்ளும். கீரை முளைக்கு அந்த ஓட்டைப் பிளக்கும் வலு கிடையாது. ஆகவே மேலே பட்டாணி அளவுக் குறுமண்ணை விட்டுவைத்து, கீழே மட்டும் பொலபொலவென்று வைத்திருப்பது நல்லது. விதைத்த பிறகு வைக்கோலோ காய்ந்த புல்லோ மெல்லியதாகப் பரப்புவதும் மழைத்துளியின் அடியைத் தாங்கத்தான். முளை தெரிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள்.

வரிசை போடுவதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. சமன் செய்த பாத்தியின்மேல் வாரியின் கம்பைக் கிடத்தி லேசாக அழுத்தினால் நேரான சால் ஒன்று பதியும். அல்லது வாரியின் மூலைப் பல்லை மட்டும் மண்ணில் வைத்து, நீட்டிக் கட்டிய கயிற்றை ஒட்டி இழுக்கலாம். விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும் என்பது பொதுக் கணக்கு. வள்ளைக்கீரை இனமான கங்கோங்கின் விதை பெரியது. ஒரு விரற்கணு ஆழம் தாங்கும். தண்டுக்கீரை விதையோ கடுகைவிடச் சிறியது. அதைச் சாலில் புதைத்தால் மேலே வராது. மணலோடு கலந்து தூவுவார்கள். தமிழ்நாட்டில் ஒரு எக்டர் கீரைக்குச் சுமார் 2.5 கிலோ விதையே போதும் என்பதிலிருந்து அதன் நுண்மையை அறியலாம். மணல் கலந்தால் கை நிறைய அள்ளி வீச முடியும். விதை ஒரே இடத்தில் குவியாது. தூவியபின் வாரியின் முதுகால் ஒருமுறை மெல்லத் தடவினால் விதை மண்ணோடு ஒட்டும். இந்த ஊரின் வெப்பத்தில் கங்கோங்கும் தண்டுக்கீரையும் மூன்று நான்கு வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடும். குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் பாத்தி ஓய்வதில்லை. ஒரே பாத்தியை ஆண்டில் எட்டுப் பத்து முறை கொத்தி வாரித் திருத்த வேண்டியிருந்தது.

இப்படி ஓயாமல் விளையும் நிலத்துக்கு ஓயாமல் எருவும் வேண்டும். தோட்டக்காரர்கள் பன்றி எரு, சாம்பல், பிண்ணாக்கு, காய்ந்த இறால் கழிவு, மரக்கட்டையோடு அடுக்கிச் சுட்ட மண் என்று கிடைத்ததையெல்லாம் இட்டார்கள். நகர வீடுகளில் இரவில் அள்ளப்பட்ட மலமும் தோட்டங்களுக்கு விலைபோனது. ரோச்சோருக்கு அருகே இருந்த தோட்டங்களிலிருந்து எழுந்த நாற்றம் அவ்வளவு கடுமையாக இருந்ததால்தான், 1858இல் அங்கிருந்த சாலைக்கு மணம் வீசும் லாவண்டரின் பெயரைக் கேலியாகச் சூட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. நகரத்தாருக்கு அது நகைப்பு. அந்தத் தோட்டத்துக் கீரையைத் தின்றவர்களும் அதே நகரத்தார்தான். மல எருவால் குடற்புழு பரவியதும் உண்மை. அதில் வெறுங்காலோடு நின்று வேலை செய்தவர்களே முதலில் பாதிக்கப்பட்டார்கள்.

தமிழர்களின் பங்கு வேறு வகையானது. காய்கறிப் பாத்திகளுக்கு அடுத்தாற்போல் மாட்டுத் தொழில் இருந்தது. நீர் தேங்கிய நிலமும் புல்லும் எருமைக்கு ஏற்றவை. இந்தியர்கள் அங்கே மாடு வளர்த்தார்கள், விற்றார்கள், பால் கறந்தார்கள். கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் பஃபலோ ரோடும் அந்த எருமைக் கொட்டில்களின் எச்சம். பெரிய மாட்டு வணிகரான பெலிலியோஸின் பெயரிலும் அங்கே ஒரு சாலை இருக்கிறது. பக்கத்திலேயே சுண்ணாம்புக் காளவாய்களில் தமிழர்கள் வேலை செய்தார்கள். வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று அழைத்த காலம் உண்டு. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை போன்றவை வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்தன. அவற்றுக்குப் பாத்தியும் வேண்டாம், வாரியும் வேண்டாம். போத்தையோ கன்றையோ ஊன்றினால் போதும். விற்பனைக்கான கீரைப் பாத்தி சீனர் கையிலும் கொல்லை மரம் தமிழர் கையிலும் இருந்து, இரண்டும் சந்தையில் சந்தித்தன. 1915இல் கட்டப்பட்ட கண்டாங் கெர்பாவ் சந்தையை மக்கள் தேக்கா என்றே அறிவார்கள்.

சந்தை வளர வளரத் தோட்டம் பின்வாங்கியது. சதுப்பு நிலங்கள் வடிகட்டப்பட்டுக் கடைவீடுகள் எழுந்தன. மேய்ச்சலும் குளங்களும் சுருங்கின; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் நகராட்சி விதிகள் மாட்டுக் கொட்டில்களை வெளியேற்றின. அருகிலிருந்த ஃபேரர் பார்க்கில் 1840களிலிருந்து நடந்துவந்த குதிரைப் பந்தயம்கூட 1933இல் புக்கித் தீமாவுக்குப் போனது. காய்கறி பயிரிடுவோர் சாலையின் மேற்பகுதிக்கு நகர்ந்தார்கள்.

அவர்களில் பெரும் கூட்டம் பொத்தோங் பாசிரில் இருந்தது. பெயர் சொல்வதுபோலவே மணல் வெட்டி எடுத்த இடம் அது. மணல் எடுத்த குழிகள் குளங்களாக நின்றன; குளத்தைச் சுற்றிக் கன்டோனியக் குடும்பங்கள் பாத்தி கட்டின. நீரிலேயே வளரும் கீரை வகைகளும் சாய் சிம், கைலான் போன்ற சீனக் கீரைகளும் அங்கே விளைந்தன. அதிகாலையிலும் மாலையிலும் தோளில் காவடித்தண்டு, அதன் இரு முனையிலும் பூவாளி, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சாய்த்து இரண்டு பாத்திக்குத் தண்ணீர் தெளித்தபடி வாய்க்காலில் நடப்பார்கள். மழையூரிலும் நீர் தெளிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் மேட்டுப்பாத்தி வேகமாகக் காயும் என்பது. மணற்பாங்கான மண் இன்னும் வேகமாகக் காயும். களிமண்ணில் கட்டி உடைத்தே தேய்ந்த வாரிக்கு அந்த மணலில் அதிக வேலை இல்லை. ஓரிரு இழுப்பில் பாத்தி சமனாகிவிடும். ஆனால் அடுத்த மழையில் ஓரம் கரையும். ஆகவே பாத்தி விளிம்பைத் தட்டி நிமிர்த்துவது அங்கே ஓயாத வேலை.

1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரையிலான ஜப்பானிய ஆட்சியில் ஊரே தோட்டமாயிற்று. அரிசி வரத்து குறைந்தது. கிடைத்த இடத்திலெல்லாம் பயிரிடும்படி அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். நகர மக்கள்தொகையைக் குறைக்கச் சீனர்களை ஜொகூரின் எண்டாவுக்கும் யுரேஷியர்களை நெகிரி செம்பிலானின் பஹாவுக்கும் குடியேற்றினார்கள். பஹாவில் மலேரியா பலரைக் கொன்றது. நகரத்தில் எங்கும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வளர்ந்தன. மரவள்ளிக்குக் குச்சி ஊன்றினால் போதும். சர்க்கரைவள்ளிக்குப் பார் பிடித்துக் கொடித்துண்டு நட்டால் போதும். மண்ணை நுணுக்கமாகத் திருத்தவும் விதை வரிசை போடவும் தெரியாத எழுத்தரும் கடைக்காரரும்கூட அவற்றை வளர்க்க முடிந்தது. பசிக்காலத்தில் அந்தப் பயிர்கள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

போருக்குப் பின் பொத்தோங் பாசிர்த் தோட்டங்கள் மேலும் ஒரு தலைமுறை நீடித்தன. வெள்ளம் அவற்றை விடாமல் துரத்தியது. காலாங் ஆறு பெருகினால் பாத்தி, வாய்க்கால், குளம் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். 1969 டிசம்பரிலும் 1978 டிசம்பரிலும் தீவெங்கும் பெருவெள்ளம். 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பதிவானது. ஆனால் தோட்டங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது வெள்ளம் அல்ல. 1966இல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் அரசு நிலங்களை எடுத்து வீடமைப்புக்கு ஒதுக்கியது. 1977இல் தொடங்கி 1987இல் முடிந்த, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வட்டாரத்தையும் தூய்மைப்படுத்தும் பணி, நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்த பன்றி, வாத்துப் பண்ணைகளையும் அகற்றியது. 1980களில் பொத்தோங் பாசிரில் சரிந்த கூரையுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் எழுந்தன. இலட்சக்கணக்கானோருக்கு வீடு கிடைத்தது பெரும் சாதனை. அதற்காக, ஒரு மண்ணைப் பல பத்தாண்டுகள் பழகிச் சேர்த்த அறிவு எழுத்தில் இறங்காமல் கலைந்ததும் உண்மை. எஞ்சிய பண்ணைகள் லிம் சூ காங் போன்ற வடமேற்குப் பகுதிகளுக்குப் போயின. இன்று சிங்கப்பூரின் நிலப்பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே வேளாண்மைக்கு உரியது; உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி; உண்ணும் காய்கறியில் உள்ளூர் விளைச்சல் 3 சதவீத அளவில்தான் இருக்கிறது.

வாரி மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. 1967க்குப் பின் பூந்தோட்ட நகரம் என்ற திட்டத்தில் சாலையோர மரங்கள் பெருகியபோது விசிறி வடிவ இலை வாரி தெருவுக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் இன்று அதைப் பிடித்துப் புல்வெளிகளைக் கூட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் கூடும் கூட்டத்தில் அவர்களும் உண்டு. அவர்களில் ஊரில் பாத்தி கட்டிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இலை வாரியின் வளையும் பல் மண்ணைத் திருத்த உதவாது; அது கூட்டுவதற்கு மட்டுமே.

மண் வாரிக்கு மறுபடி வேலை கொடுத்தவை சமூகத் தோட்டங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து தோட்டம் போடும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் 2016 முதல் பூங்காக்களில் தனிநபருக்கு வாடகைப் பாத்திகள் தரப்பட்டன: 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், தொடக்கத்தில் ஆண்டு வாடகை 57 வெள்ளி. அகலம் பழைய சீனத் தோட்டக்காரரின் கணக்கை ஒட்டியே இருக்கிறது. கை எட்டும் தூரம் மாறவில்லை. 2020இல் கொரோனா காலத்தில் கழகம் முதலில் 150,000 வீடுகளுக்கும் பிறகு மொத்தம் 400,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் இலவச விதைப் பொட்டலங்கள் அனுப்பியது. கங்கோங், கைலான், தக்காளி, வெண்டை, வெள்ளரி போன்றவை அவற்றில் இருந்தன. வாடகைப் பாத்தி தரைக்கு மேலே கட்டிய பெட்டி. அதில் நிரப்புவது கலவை மண். களிமண்ணும் இல்லை, லாலாங்கும் இல்லை. ஆகவே நீண்ட கம்பு வைத்த வாரிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி நீள வாரியே அங்கே போதுமானது. மழை மட்டும் பழைய மழைதான். பெட்டியின் அடியில் வடிகால் துளை வைக்க வேண்டியிருக்கிறது, மேல்மண்ணைப் பள்ளமில்லாமல் சமன் செய்த பிறகே விதை போட வேண்டியிருக்கிறது.